கொழும்பு யாருக்கு மறைந்து கிடக்கிறது?

கொழும்பு மாநகரைப் பற்றி எழுதுவோரிடையே அண்மைக் காலத்தில் ஒரு சொற்றொடர் பெருவழக்குப் பெற்றுள்ளது. ‘மறைந்திருக்கும் கொழும்பு’ என்றும் ‘அறியப்படாத கொழும்பு’ என்றும் அது பலவாறு வழங்குகின்றது. விடுமுறை நாட்களிற் சிறு குழுக்களாகப் புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களிலும் கொம்பனித்தெருவின் ஒழுங்கைகளிலும் உலாவி, பழைய கதவொன்றையும் உதிர்ந்த சுவரொன்றையும் படம்பிடித்து, தேநீரும் அருந்தி மீள்வது நாகரிகமாகிவிட்டது. எமது மாணவருட் பலர் இதில் ஈடுபடுகின்றனர். விரிவுரையாளர் சிலரும் உளர். நடப்பது நன்று. நான்கு ஆண்டுகள் இந்நகரிலே பயின்றும் பஸ் யன்னலுக்கு வெளியே எதனையும் காணாது பட்டத்துடன் ஊர் திரும்பும் மாணவனிலும் நடப்பவன் எவ்வளவோ மேல். ஆயினும் அவன் தன் நடைக்கு இட்டுக்கொள்ளும் ‘கண்டுபிடித்தல்’ என்னும் பெயரை அங்கீகரிப்பதற்கில்லை. கொலம்பஸ் கரையிறங்கியபோது அக்கரையில் மனிதர் நின்றுகொண்டிருந்தனர் என்பதை நாம் பள்ளியிலேயே படித்துவிட்டோம்.

ஓரிடம் மறைந்து கிடக்கின்றது என்று ஒருவர் கூறும்போது அவ்விடத்தைப் பற்றி அவர் எதுவும் கூறிவிடுவதில்லை. தாம் எங்கே நிற்கின்றார் என்பதையே கூறுகின்றார். கபோஸ் ஒழுங்கையை எடுத்துக்கொள்வோம். புறக்கோட்டையில் நாட்டு மருந்துக் கடைகள் வரிசையாக அமைந்த சிறிய ஒழுங்கை அது. திப்பிலியும் சுக்கும் வேர்களும் பட்டைகளும் மூட்டை மூட்டையாக அங்கு வந்திறங்குகின்றன. தீவின் பல பாகங்களிலுமிருந்து வைத்தியர்கள் அதனைத் தேடி வருவர். பிள்ளைப்பேற்றுக்குக் காயச்சரக்கு வாங்க வருகின்ற குடும்பத்தவருக்கு வழிகாட்டி தேவைப்படுவதில்லை. இத்தகைய ஒழுங்கையை ‘இரகசிய ஒழுங்கை’ என வருணிப்பவர் மீது எமக்குக் கோபமில்லை. அவர் வீட்டில் எவருக்கும் கைமருந்து தேவைப்பட்டதில்லை என்று மட்டுமே விளங்கிக்கொள்கிறோம்.

இரண்டாம் குறுக்குத் தெருவிலுள்ள செம்மையும் வெண்மையுமான பள்ளிவாசலின் கதை இதனினும் வேடிக்கையானது. 1908இல் கட்டத் தொடங்கி 1909இல் நிறைவுற்ற ஜாமிஉல் அல்ஃபர் பள்ளிவாசல், துறைமுகத்தை அணுகிய கப்பல்களுக்கு அடையாளமாக விளங்கியதெனக் கூறுவர். கடலிலிருந்து தெரிந்த ஒரு கட்டிடத்தைத் தரையிலிருந்து ‘கண்டுபிடித்து’ எழுதுவோர் இன்றும் உளர். அவர்கள் எழுதாது விடுவது அதன் மற்றொரு பெயரை. மக்கள் அதனைச் சம்மாங்கோட்டுப் பள்ளி என்றும் அழைப்பர். அங்கிருந்து சிறிது தூரத்தில், ஆடிவேல் விழாவுக்குப் பெயர்பெற்ற கதிர்வேலாயுத சுவாமி கோயிலும் சம்மாங்கோட்டுக் கோயில் என்றே வழங்குகின்றது. ஒரே பெயரைப் பள்ளிவாசலொன்றும் முருகன் கோயிலொன்றும் பகிர்ந்துகொள்ளும் நகரம் இது. படம்பிடிப்பவனுக்கு அப்பெயர் கமராவில் விழாது. தமிழ் பயில்பவனுக்கோ அந்த ஒரு பெயரின் வரலாறே ஆய்வேடொன்றுக்குப் போதுமானது.

பெயர்களைப் பற்றி மேலும் சிறிது கூறவேண்டியுள்ளது. புறக்கோட்டையை ஆங்கிலத்திற் சுட்டும் ‘பெற்றா’ என்ற சொல் வேறெதுவுமன்று; நமது ‘பேட்டை’யே ஆங்கிலேயர் வாயிற் புகுந்து அவ்வாறு வெளிவந்தது. 1656இல் கொழும்பு முற்றுகையின்போது மாண்ட ஒல்லாந்தத் தளபதி ஹல்ப்டின் பெயரை ஆங்கில வழக்கு நீதிமன்றக் குன்றுக்கு இன்றுவரை காத்துவர, தமிழ் வழக்கு அதனைப் புதுக்கடை என்று கூறி அமைகின்றது. குவாடலூப்பே மாதாவின் பெயரால் போர்த்துக்கேயர் அமைத்த ஆலயத்தின் பெயரில் ஒல்லாந்தர் ஓநாயைக் கேட்டனர். அதனால் அவ்விடம் ‘ஓநாய்ப் பள்ளத்தாக்கு’ என்று பொருள்படும் வுல்வெண்டால் ஆயிற்று என்பர். ஆண்டவர்கள் பிறர் பெயரைத் தவறாகக் கேட்டு, அத்தவற்றையே நிலைநாட்டிவிட்டுச் சென்றுள்ளனர்.

இவை யாவற்றிலும் நம் சிந்தனைக்குரியது ‘முடுக்கு’ என்னும் சொல். தமிழில் மூலையையும் ஒடுங்கிய சந்தையும் குறிப்பது அது. மறைவான இடத்துக்கு இதனினும் பொருத்தமான தமிழ்ச்சொல் அரிது. இச்சொல் சிங்களத்தினுட் புகுந்து, அங்கு சேரியைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. கொழும்பில் ‘தோட்டம்’ என்பதற்கும் இதே கதிதான். ஊரில் தோட்டமென்றால் வெங்காயமும் மிளகாயும், மலையகத்தில் தேயிலை, கொழும்பிலோ ஒரு முற்றத்தைச் சூழ ஒற்றையறை வீடுகள் நெருங்கி நிற்க, பொதுவான நீர்க்குழாயும் பொதுவான மலசலகூடமுமாய் வாழும் குடியிருப்பு. துறைமுகத்திலும் பண்டகசாலைகளிலும் மாநகரசபையின் நகரசுத்திப் பகுதியிலும் உழைத்தவர்களுக்கு நகரம் ஒதுக்கிய இடம் அதுவே. 1875இல் அடிக்கல் நாட்டப்பட்ட அலைதாங்கி 1885இல் நிறைவெய்தியபின் கொழும்பு ஆசியாவின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாயிற்று எனப் பாடநூல்கள் பெருமையுடன் கூறும். அத்துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன் இரவிலே எங்கு உறங்கினான் என்பதைப் பாடநூல் கூறாது. அவன் முடுக்கில் உறங்கினான். நகரத்தின் ‘மறைவான இடங்கள்’ எனப்படுவனவற்றுட் பெரும்பாலானவை இவ்வாறு தோன்றியவை. அவற்றை எவரும் ஒளித்து வைக்கவில்லை. உழைப்பு வேண்டும், உழைப்பவன் முகம் வேண்டாம் என்ற ஏற்பாட்டின் புவியியல் அது.

இங்கு நமது தமிழ்த்துறையினரையும் சிறிது கேட்க வேண்டியுள்ளது. ஐம்பதுகளின் பிற்பகுதியிலும் அறுபதுகளிலும் ஈழத்து இலக்கிய உலகில் ‘மண்வாசனை’ பற்றிய விவாதம் சூடுபிடித்தது. அதன் பயனாக யாழ்ப்பாணத்துக் கிராமமும் மட்டக்களப்பின் வயல்வெளியும் மலையகத்து லயமும் வன்னியும் எழுத்தில் இடம்பெற்றன, அது பெரும்பேறே. ஆனால் கொழும்புக்கு மண் இருப்பதாக அவ்விவாதம் கருதியதாகத் தெரியவில்லை. நம் கதைகளில் வரும் கொழும்பு, பெரும்பாலும் ஊரிலிருந்து வந்த எழுதுவினைஞனின் வாடகை அறையும் கந்தோரும் மாதமுடிவில் அவன் ஏறும் யாழ்தேவியுமே. விதிவிலக்குகள் உள, விதி இதுதான். கொட்டாஞ்சேனையிலும் ஜிந்துப்பிட்டியிலும் மேடையேறிய நாடகங்களை ஆடியவரும் பார்த்தவரும் ‘ஊர்’ இல்லாதவர்கள். அவர்களுடைய ஊரே கொழும்பு. ஆதலால் அவர்கள் எந்தப் பிரதேச இலக்கியத்துக்கும் உரியவராகவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேசும்போதும் நாம் மலையகத்தையே நினைக்கின்றோம். அதே சட்டத்தின்கீழ் அதே கதிக்குள்ளான நகரசுத்தித் தொழிலாளி நாள்தோறும் நம் வாசலுக்கு வந்து போனவன்.

கொழும்புத் தமிழர் வரலாறு என்று கேட்டால் பொன்னம்பலவாணேசுவரத்தைக் காட்டி அமைவது வழக்கம். 1857இல் பொன்னம்பல முதலியார் அமைத்ததையும், அவர் மைந்தர் இராமநாதன் 1907 முதல் 1912 வரை அதனைக் கருங்கல்லாற் புதுப்பித்ததையும் எவரும் சொல்வர். அக்கோயிலின் கலைச்சிறப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பிரபுக்கள் எழுப்பியதே வரலாறு, ஏனையது சுற்றாடல் என்ற பார்வை நம்மிடமும் வேரூன்றியுள்ளது என்பதற்கு அது சான்று. ஆடிவேலை நோக்குக. 1870களில் வாந்திபேதி பரவிய காரணத்தால் கதிர்காம யாத்திரையை ஆங்கிலேய அரசு கட்டுப்படுத்தியது. 1874 முதல் வேல் விழா கொழும்பிலேயே நிகழலாயிற்று. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிவரை வேல் செல்லும் அவ்வழியே மக்கள் வரைந்த நகரப்படம் ஒன்று. அதனை வாசிக்கும் முறையை நமது பாடத்திட்டம் எந்த ஆண்டிலும் கற்பித்ததில்லை.

ஒன்றை மறந்துவிடலாகாது. கொழும்பின் மூலைமுடுக்குகளை மிகத் திறமையாகக் ‘கண்டுபிடித்தவர்கள்’ நடைப்பயணக் குழுவினர் அல்லர். 1983 ஜூலையில் வாக்காளர் இடாப்புக்களைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிச் சென்ற கும்பல்களைப் பற்றிப் பலர் பதிவு செய்துள்ளனர். போர்க்காலத்தில் நள்ளிரவுச் சுற்றிவளைப்புக்கு வந்தோருக்கு எந்த ஒழுங்கையில் எத்தனை விடுதி, எந்த விடுதியில் எத்தனை அறை என்பன அத்துபடி. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, புறக்கோட்டை முதலிய இடங்களிலுள்ள விடுதிகளிலிருந்து முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அவ்விடுதிகளின் மாடிப்படிகளும் இருண்ட நடைகளும் இன்று கமராக்காரருக்கு ‘மறைந்த அழகு’ ஆகலாம். அங்குத் தங்கியிருந்தவருக்கு மறைவு என்பது அழகின் பெயராக இருந்ததில்லை. காணப்படாதிருத்தல் சிலருக்கு இழப்பு, வேறு சிலருக்குக் காப்பு. எது எவருக்கு என்று அறியாது ஓரிடத்தை ஊரறியச் செய்யப் புறப்படுபவர் பொறுப்பற்றவர்.

இனிக் கொம்பனித்தெருவுக்கு வருவோம். ஒல்லாந்தர் தம் அடிமைகளை இரவில் அடைத்து வைத்த தீவு அது. சூழ இருந்த பெய்ரா வாவியில் முதலைகள் காவலிருந்தன என்று கூறுவர். ஆங்கிலத்தில் அதற்கு ‘அடிமைத் தீவு’ என்ற பெயரே நெடுங்காலம் வழங்கியது. அண்மையிற்றான் மூன்று மொழிகளிலும் கொம்பனித்தெரு என்ற பெயரையே கையாளுமாறு அரசு பணித்தது. பெயர் மாறியது நல்லதே. ஆனால் பெயர்ப்பலகை மாறுவதற்கு முன்னரே தெரு மாறத் தொடங்கிவிட்டது. மலாயர்கள் 1786இல் அமைத்த வேகந்தைப் பள்ளிவாசலும், சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலும், ஜாவா ஒழுங்கை, மலே வீதி, ரைபிள் வீதி முதலிய பெயர்களும், அங்குக் குடியேறிய படைவீரர் வழிவந்தோரையும் தமிழரையும் முஸ்லிம்களையும் சிங்களவரையும் ஒருங்கே நினைவூட்டுவன. பல மொழியினர் ஒரே குழாயில் நீரள்ளிய இடம் அது. நல்லிணக்கம் பற்றிக் கருத்தரங்கு நடத்துவோர் அங்குச் சென்று பார்த்திருக்கலாம்.

2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. வீடு கட்டும் அலுவல் படை நடத்தும் அமைச்சிடம் சென்றதன் பொருள் என்னவென்பது அவ்வாண்டு மே மாதத்திலேயே தெரிந்தது. மியூஸ் வீதியில் வீடுகள் இராணுவத்தினரும் பொலிசாரும் சூழ்ந்து நிற்க இடிக்கப்பட்டன. பின்னர் ஜாவா ஒழுங்கையினரும் பெருங்கட்டிடத் திட்டமொன்றுக்காக அகற்றப்பட்டனர். அரசு இத்தகைய இடங்களுக்கு இட்ட பெயர் ‘வசதி குறைந்த குடியிருப்புக்கள்’. அப்பெயரை ஏற்றுக்கொண்டால் அகற்றுதல் அறச்செயலாகிவிடுகிறது. ஆனால் அகற்றப்பட்டோருட் பலர் காணி உறுதி வைத்திருந்தனர். நீரும் மின்சாரமும் பெற்றிருந்தனர். மாநகரசபைக்குச் சோலைவரி செலுத்திவந்தனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் போன்ற அமைப்புக்களின் ஆய்வுகள் இதனைப் பதிவு செய்துள்ளன. வரி வாங்கும்போது தெரிந்த வீடு, திட்டம் வரையும்போது தெரியாமற் போயிற்று.

இவ்விடத்திற்றான் நமது உலாவிகளின் எழுத்து அவர்கள் விரும்பாத ஒரு தொண்டைச் செய்கின்றது. ஒழுங்கையைப் ‘பழமை மாறாத’, ‘காலம் உறைந்துபோன’ இடமாக அவர்கள் வருணிக்கின்றனர். திட்டமிடுபவர் அதனைச் ‘சிதைவுற்ற’ இடம் என்கின்றார். ஒருவர் வியக்கிறார், மற்றவர் வெறுக்கிறார். இருவரின் வாக்கியத்திலும் அங்கு வாழ்பவர் எழுவாயாக வருவதில்லை. கதவின் படம் இருக்கும். கதவைத் திறந்தவரின் பெயரோ, அவருடைய பாட்டனார் அவ்வீட்டை எவ்வாறு பெற்றார் என்ற செய்தியோ இராது. சுவரின் அழகை எழுதி உறுதியின் இலக்கத்தை எழுதாத கட்டுரை, சுவர் இடிக்கப்படும் நாளில் எந்த நீதிமன்றத்திலும் சாட்சியாகாது.

‘கண்டுபிடிக்கப்பட்டால் காப்பாற்றப்படுமே’ என்பர் சிலர். கோட்டையிலுள்ள பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலையை அதற்கு எடுத்துக்காட்டுவர். பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கட்டிடம் 1996 ஜனவரியில் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பிற் சேதமுற்று, திருத்தப்பட்டு, 2011இல் கடைத்தொகுதியாகவும் உணவகங்களாகவும் திறக்கப்பட்டது. கட்டிடம் பிழைத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அது ஆளில்லாத அரச கட்டிடம். குடிமக்கள் உள்ள தெருவுக்கு அம்முறை பொருந்தாது; அங்குக் கட்டிடம் பிழைக்கும், குடிமக்கள் வெளியே நிற்பர். தேநீரின் விலையைக் கொண்டே எவருக்காக அது காப்பாற்றப்பட்டது என்பதை அறிந்துகொள்ளலாம்.

கட்டிடங்கள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்வதும் உண்டு. கோட்டை மணிக்கூட்டுக் கோபுரம் 1867 முதல் வெளிச்சவீடாகவும் பயன்பட்டது. சுற்றிலும் எழுந்த கட்டிடங்கள் அதன் ஒளியைக் கடலிலிருந்து மறைத்துவிட்டமையால் 1952இல் அப்பணி நிறுத்தப்பட்டது. அதற்காக எவரும் கண்ணீர் விடவேண்டியதில்லை. புதிய வெளிச்சவீடு கட்டப்பட்டது. மனிதருக்கு அவ்வாறு செய்வது எளிதன்று.

மீதொட்டமுல்லையைப் பற்றி எந்த உலாவியும் எழுதியதை நான் கண்டதில்லை. கொழும்பின் கழிவுகள் ஆண்டுக்கணக்காகக் கொட்டப்பட்டு மலையாக உயர்ந்த இடம் அது. மலையடியில் வாழ்ந்தவர்கள் நாற்றத்தையும் நோயையும் ஆபத்தையும் எடுத்துக்கூறிப் பல தடவை வீதிக்கு இறங்கிப் போராடியவர்கள். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டுத் தினத்தன்று, அம்மலை சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின்னரே நகரத்தின் ஏனைய பகுதியினர் அப்பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்றனர். மறைந்து கிடந்த இடமா அது? நகரத்தின் ஒவ்வொரு வீடும் நாள்தோறும் அங்கு ஏதோ ஒன்றை அனுப்பிக்கொண்டிருந்தது.

நமது வாதத்துக்கு வலுவான மறுப்பொன்று உண்டு. அதனைத் தட்டிக் கழிக்கலாகாது. இடாப்புக்கள் எவ்வாறு பயன்பட்டன என்று முன்னர் கூறினேன். அப்படியாயின் முடுக்குகளையும் தோட்டங்களையும் நாமே போய்ப் பதிவு செய்வது எவ்வகையில் நல்லது? பல்கலைக்கழகத்தின் குறிப்பேடு நாளை எவர் கையிற் சேரும்? இவ்வினா நியாயமானது. இதற்கு ஒரே விடைதான் உண்டு. பதிவு அங்குள்ளோரின் கையில் இருத்தல் வேண்டும். எதை எழுதுவது, எதை எழுதாது விடுவது என்பதை அவர்களே தீர்மானித்தல் வேண்டும். பிரதியொன்று அவர்கள் வீட்டிலேயே தங்குதல் வேண்டும். உறுதிகள், சோலைவரிப் பற்றுச்சீட்டுக்கள், 1973ஆம் ஆண்டு வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டத்தின்பின் வழங்கப்பட்ட கடிதங்கள் ஆகியன தகரப்பெட்டிகளில் மக்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றை வாசித்து விளக்கவும், பழைய பெர்குசன் டிரெக்டரிகளோடு ஒப்புநோக்கவும் பயிற்சி பெற்றவர்கள் வரலாற்றுத் துறையில் இருக்கின்றார்கள். மும்மொழியும் அறிந்த மாணவர் நம்மிடையே இருக்கின்றார்கள். சட்டபீடம் இருக்கின்றது. இத்தனையும் இருந்தும் கல்விச் சுற்றுலா என்றவுடன் நாம் அநுராதபுரத்துக்கும் சிகிரியாவுக்கும் பஸ் ஏறுகின்றோம். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் வெளியேறிய அரசனின் மாளிகையை அளந்து வருகின்றோம்; பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வெளியேற்றப்பட்டவரின் வீடு எங்கே நின்றதென்று கேட்பதில்லை.

தேர்ஸ்டன் வீதியிலிருந்து கொம்பனித்தெருவுக்கு நடந்தாலும் ஒரு மணித்தியாலம் ஆகாது. தமிழ்ச் சங்கம் இவ்வாண்டு ஓர் ஒழுங்கையை, ஒன்றே ஒன்றை, எடுத்துக்கொள்ளட்டும். அதன் பழைய பெயரும் புதிய பெயரும், அங்குப் பேசப்பட்ட தமிழும் மலாயும் சிங்களமும் கலந்த சொற்களும், எந்த வீட்டில் எவர் பிறந்தார் என்பதும் எழுதப்படட்டும். அங்குப் பிறந்த முதியவர்கள் சிலர் இன்னும் அங்கேயே உள்ளனர். ஏனையோர் அகற்றப்பட்டு வனாத்தமுல்லையிலும் பிற இடங்களிலும் எழுந்த அடுக்குமாடிகளின் மேல்தளங்களில் இருக்கின்றனர். மின்தூக்கி பழுதுற்ற நாட்களில் அவர்களால் கீழே இறங்க முடிவதில்லை. நாம்தான் படியேறிச் செல்ல வேண்டும்.